அலூசியன், கமாண்டர் தீவுகள்: மனிதக் கை படாத கரைகளா?

#1 – வடதிசை

வட பசிபிக்கைப் பற்றிய ஆவணப் படங்களிலும் பயணக் கட்டுரைகளிலும் அலூசியன் தீவுகளை ‘மனிதக் கை படாத கரைகள்’ என்று வருணிப்பது வழக்கமாகிவிட்டது. மூடுபனியையும் எரிமலையையும் மரமே இல்லாத பச்சை மேடுகளையும் காட்டிவிட்டு, இந்தத் தொடரைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். என் கருத்து இதற்கு நேரெதிரானது. அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவின் கம்சாட்காவை நோக்கி ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் இத்தீவுகளிலும், அவற்றுக்கு மேற்கே ரஷ்யாவுக்கு உரிய கமாண்டர் தீவுகளிலும், இன்று கண்ணில் படும் புல், பறவை, கடற்பாசி ஆகியவற்றில் பெரும்பகுதி, யாரோ வேட்டையாடியதாலோ வேட்டையை நிறுத்தியதாலோ இன்றைய நிலைக்கு வந்து சேர்ந்தது.

1741-இல் ரஷ்யப் பேரரசுக்காகப் பயணம் செய்த டென்மார்க் நாட்டு மாலுமி விட்டஸ் பெரிங்கின் ‘புனித பீட்டர்’ கப்பல், அலாஸ்காவைக் கண்டுவிட்டுத் திரும்பும் வழியில், நவம்பர் மாதம் கமாண்டர் தீவுகளில் ஒன்றில், இன்று பெரிங் தீவு எனப்படுவதில், கரைதட்டியது. மாலுமிகளில் பலர் ஸ்கர்வி நோயால் இறந்தனர். பெரிங்கும் டிசம்பரில் அங்கேயே இறந்தார். எஞ்சிய 46 பேர் உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டு சிறிய கப்பல் ஒன்றைக் கட்டி, 1742 ஆகஸ்டில் கம்சாட்காவுக்குத் திரும்பினார்கள். திரும்பும்போது அவர்கள் கொண்டுவந்த கடல் நீர்நாய்த் தோல்கள்தாம் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தன. திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் இருப்பதுபோல் கடல் நீர்நாய்க்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிர்நீரில் அதைக் காப்பது மயிர் மட்டுமே. ஆகவே உலகிலேயே மிக அடர்த்தியான மயிர் அதற்கு உண்டு. சீனச் சந்தையில் அந்தத் தோலுக்குக் கிடைத்த விலையைக் கேள்விப்பட்ட சைபீரிய வணிகர்கள் ஆண்டுதோறும் படகுகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

ஒன்றரை லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடையில் இருந்திருக்கலாம் எனக் கணிக்கப்படும் நீர்நாய்கள், 1911-இல் வேட்டை தடை செய்யப்பட்டபோது ஏறத்தாழ இரண்டாயிரமாகக் குறைந்திருந்தன. இழப்பு அந்த விலங்கோடு நிற்கவில்லை. நீர்நாய் ஒவ்வொரு நாளும் தன் எடையில் கால் பங்கு அளவுக்கு உண்ணும். மல்லாந்து மிதந்துகொண்டு, மார்பின்மேல் கல்லை வைத்து, அதில் சிப்பியை மோதி உடைத்துத் தின்பதை நாம் படங்களில் பார்த்திருப்போம். அதன் முக்கிய உணவுகளில் ஒன்று கடல் முள்ளெலி. அந்த முள்ளெலி தின்பதோ கெல்ப் எனப்படும் பெரும் கடற்பாசியை. நீர்நாய் போனதும் முள்ளெலி பெருகியது. முள்ளெலி பெருகியதும் கடலடிக் காடுகள் மொட்டைப் பாறைகளாயின. 1970-களில் சூழலியலாளர் ஜேம்ஸ் எஸ்டிஸும் அவருடைய குழுவினரும் நீர்நாய்கள் மீண்டிருந்த ஆம்சிட்கா தீவின் கடலடியையும், மீளாதிருந்த ஷெம்யாவின் கடலடியையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். முதலாவதில் அடர்ந்த பாசிக்காடும் மீனும் இருந்தன. இரண்டாவதில் பாறையை மூடிய முள்ளெலிகள் மட்டுமே இருந்தன.

இவற்றில் எதை நாம் ‘இயற்கை நிலை’ என்று சொல்வது? இதைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

#2 – மணல்மேடு

வடதிசை அவர்கள் பெரிங் தீவிலிருந்து தொடங்கியது பொருத்தமே. ஆனால் அந்தத் தீவில் நீர்நாயைவிட முக்கியமான இழப்பு ஸ்டெல்லர் கடற்பசு என்பது என் எண்ணம். நீர்நாய் தப்பிவிட்டது, கடற்பசு தப்பவில்லை.

கப்பலின் இயற்கையியலாளராக இருந்த ஜெர்மானியர் கேயார்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர்தான் அந்த விலங்கை உயிரோடு பார்த்து விரிவாக எழுதிவைத்த ஒரே அறிவியலாளர். ஏழெட்டு மீட்டர் நீளம், பல டன் எடை, பற்களே இல்லாத வாய், கரையோரமாகக் கெல்ப் மேய்ந்துகொண்டே முதுகு தெரிய மிதக்கும் வழக்கம் ஆகியவை அவர் குறிப்பில் உள்ளன. வேட்டையையும் அவர் பதிந்திருக்கிறார். நீண்ட கயிற்றில் கட்டிய பெரிய இரும்புக் கொக்கியைப் படகிலிருந்து பாய்ச்ச, கரையில் நிற்கும் முப்பது பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அடிபட்டதைச் சூழ்ந்து மற்றவை விடுவிக்க முயலும். கொல்லப்பட்ட பெண் விலங்கு கிடந்த கரைக்கு அதன் துணை மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து நின்றதாக எழுதுகிறார். அவ்வளவையும் நெஞ்சில் பதியும்படி எழுதியவர், அதன் கொழுப்பு இனிய பாதாம் எண்ணெயைப்போல் இருக்கும் என்பதையும் தயங்காமல் எழுதுகிறார். பட்டினியிலிருந்து பிழைத்த மனிதர் வேறு எப்படி எழுதுவார்?

அடுத்து வந்த தோல் வணிகர்கள் கமாண்டர் தீவுகளை இறைச்சிக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். கிழக்கே நீர்நாய் வேட்டைக்குப் போகுமுன் இங்கே குளிர்காலத்தைக் கழித்து, கடற்பசு இறைச்சியை ஏற்றிக்கொண்டு போவது முறையாகிவிட்டது. முப்பது பேர் கூடிச் செய்த வேலையை இரண்டு மூன்று பேர் செய்ய முயன்றதால், ஈட்டி பாய்ந்த விலங்குகள் பல கடலுக்குள் தப்பிச் சென்று வீணாக இறந்தன. கமாண்டர் தீவுகளில் மற்றொன்றான மெட்னி தீவுக்குச் சென்ற யாகோவ்லெவ் என்ற சுரங்கப் பொறியாளர், அங்கே கடற்பசு அற்றுப்போனதைக் கண்டு, பெரிங் தீவிலாவது வேட்டையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1755-இல் கம்சாட்கா நிருவாகத்துக்கு மனுக் கொடுத்தார். பலனில்லை. 1768-இல் கடைசி விலங்கு கொல்லப்பட்டதாகப் பதிவு உள்ளது. அறிவியல் உலகம் அறிந்து இருபத்தேழே ஆண்டுகள்.

நீர்நாய் வேட்டையால் கெல்ப் அழிந்து, அதனால் கடற்பசு பட்டினி கிடந்து இறந்தது என்ற கருத்தும் உண்டு. கேட்பதற்கு அழகான சங்கிலி. ஆனால் 2006-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, அந்த இனம் தாங்கக்கூடிய அளவைவிட ஏழு மடங்குக்கும் மேலாகக் கடற்பசுக்கள் கொல்லப்பட்டதைக் காட்டியது. ஈட்டி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அதற்குமேல் நுட்பமான காரணத்தைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் நிலைப்பாடு.

#3 – பாக் நீரிணை

மணல்மேடு அவர்களின் முடிவை வழிமொழிகிறேன். ஸ்டெல்லர் கடற்பசுவுக்கு இன்று உயிரோடு உள்ள மிக நெருங்கிய உறவு, நம் பாக் நீரிணைப் பகுதியில் வாழும் ஆவுளியாதான். ஆவுளியா ஒரு முறைக்கு ஒரு கன்றை மட்டுமே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். அதன் பெரிய உறவினமும் ஏறக்குறைய இதே வேகத்தில் பெருகியிருந்தால், ஆண்டுக்கு ஒரு சில டசன்களைக் கூடுதலாகக் கொன்றாலே சரிவு தொடங்கிவிடும். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்ததற்கு அடிப்படையும் இந்த மெதுவான பெருக்கம்தான்.

#4 – திணைமாலை

ரஷ்யர் வருகையிலிருந்தே வரலாற்றைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அலூசியன் தீவுகளில் உனாங்கன் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். உம்நாக் தீவின் நிக்கோல்ஸ்கி ஊருக்கு எதிரே உள்ள அனங்குலா தீவில் கிடைத்த குடியிருப்பு எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மரமே வளராத தீவில் வாழ்ந்த இவர்கள், அலை ஒதுக்கிய கட்டைகளைச் சீவிச் சட்டகமாக்கி, கடற்சிங்கத்தின் தோலை அதன்மேல் போர்த்துத் தைத்து, உலகின் மிகச் சிறந்த தோல் படகுகளில் ஒன்றை உருவாக்கினார்கள். கடற்சிங்கத்தின் குடலைக் கழுவி, ஊதி உலர்த்தி, நீளவாக்கில் பிளந்து, பட்டைகளாக இணைத்துப் பெண்கள் தைத்த மேலங்கியில் நீர் புகாது. தையல் ஓட்டையை நரம்பு நூல் நனைந்து ஊதி அடைத்துவிடும். படகின் வாயில் இந்த அங்கியின் விளிம்பைக் கட்டிக்கொண்டால் படகும் ஆளும் ஓருடல் ஆகிவிடுவார்கள்.

இனி, வடதிசை அவர்கள் எழுப்பிய ‘இயற்கை நிலை’ கேள்விக்கு வருகிறேன். ஆம்சிட்காவில் உனாங்கன் மக்களின் பழைய குப்பைமேடுகளை அகழ்ந்து, அடுக்கடுக்காகக் கிடைத்த எலும்புகளையும் ஓடுகளையும் ஆராய்ந்த முடிவுகள் 1978-இல் வெளிவந்தன. சில அடுக்குகளில் நீர்நாய், கடல்நாய், மீன் ஆகியவற்றின் எலும்புகள் மிகுந்திருந்தன. வேறு சில அடுக்குகளில் முள்ளெலி முட்களும் பாறையில் ஒட்டி வாழும் சிப்பி வகைகளின் ஓடுகளும் குவிந்திருந்தன. முள்ளெலிகளின் அளவையும் கவனிக்க வேண்டும். நீர்நாய் உள்ள இடத்தில் பெரிய முள்ளெலி மிஞ்சாது. ஆகவே பெரிய முள்ளெலி நிறைந்த அடுக்கு, அக்காலத்தில் அந்த ஊரின் அருகே நீர்நாய் அருகிவிட்டதைக் குறிக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, ஊரை ஒட்டிய கடலில் பாசிக்காடு இருப்பதையும் இல்லாததையும் வேட்டைக்காரர்களே ஓரளவு தீர்மானித்திருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘அவர்களும் அழித்தார்கள், இவர்களும் அழித்தார்கள்’ என்று சமன் செய்துவிடக் கூடாது. உனாங்கன் வேட்டை ஊரின் சுற்றுவட்டத்தில் நீர்நாயைக் குறைத்தது. தீவுத் தொடர் முழுவதிலும் அந்த விலங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவர்களோடு நிலைத்திருந்தது. ரஷ்ய வணிகர்களின் முறை வேறு. அவர்கள் ஊர்ப் பெரியவர்களின் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு, ஆண்களை நீர்நாய் வேட்டைக்கு அனுப்பினார்கள். 1763-64-இல் கிழக்குத் தீவுகளில் எழுந்த கிளர்ச்சியில் ரஷ்யப் படகுகள் சில அழிக்கப்பட்டன. அதற்குப் பழிவாங்கலாக ஊர்களே அழிக்கப்பட்டன. பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை இருந்திருக்கலாம் என்று பொதுவாகக் கணிக்கப்படும் அந்த மக்கள்தொகை, நோயாலும் வன்முறையாலும் இரண்டு தலைமுறைக்குள் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. நீர்நாயின் வீழ்ச்சியை எழுதும்போது, அதை வேட்டையாட அனுப்பப்பட்டவர்களின் வீழ்ச்சியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

#5 – குறிப்பேடு

மறுப்பாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மனிதனைக் காரணமாக்குவதும் ஒருவகைத் தற்பெருமைதான்.

இத்தீவுகள் பசிபிக் நிலத்தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழே அமிழ்வதால் எழுந்தவை. 2008 ஆகஸ்டில் கசாடோச்சி எரிமலை வெடித்தபோது, தீவு முழுவதும் சாம்பலில் புதைந்து, பாறையிடுக்குகளில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்த கடற்பறவைகளின் பெருங்குடியிருப்பு ஒரே நாளில் அழிந்தது. 1946 ஏப்ரல் 1 அன்று உனிமாக் தீவருகே எழுந்த ஆழிப்பேரலை, ஸ்காட்ச் கேப் கலங்கரை விளக்கத்தை அங்கிருந்த ஐந்து பேரோடு அடித்துச் சென்று, சில மணி நேரத்தில் ஹவாயையும் தாக்கியது. இவற்றில் யாருடைய வேட்டை இருக்கிறது?

கடற்பசுவின் கதையும் அவ்வளவு நேரானது இல்லை. பனியூழிக் காலத்தில் அதன் எலும்புகள் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா வரை கிடைக்கின்றன. அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டவர்கள், அந்த இனத்தின் வீழ்ச்சி அங்கே மனிதர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியதாகக் கூறுகிறார்கள். பெரிங் கண்டது, ஏற்கெனவே ஒடுங்கிப்போன ஓர் இனத்தின் கடைசிச் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் விலங்குகளைத்தான்.

நீர்நாய்க்கும் இது பொருந்தும். சட்டப் பாதுகாப்பு இருந்தும், 1990-களில் மேற்கு, நடு அலூசியன் தீவுகளில் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. சில இடங்களில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. ஓர்காக்கள் எனப்படும் கொலைத் திமிங்கிலங்கள் உண்டதுதான் காரணம் என்று எஸ்டிஸ் குழுவே 1998-இல் வாதிட்டது. நீர்நாயை மட்டுமே தின்னும் நான்கே ஓர்காக்கள் போதும் என்பது அவர்களுடைய கணக்கு. துப்பாக்கியோ பொறியோ இல்லாமலே பாசிக்காடு மீண்டும் மொட்டையாயிற்று.

#6 – வடதிசை

குறிப்பேடு அவர்களின் எரிமலை வாதத்தை மறுக்க மாட்டேன். ஆனால் ஓர்கா வாதத்தில் அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. ஒரு நீர்நாயில் ஓர்காவுக்குக் கிடைக்கும் உணவு சொற்பம். அதன் பக்கம் அவை ஏன் திரும்பின? கடற்சிங்கமும் கடல்நாயும் அதற்கு முன்பே குறைந்துவிட்டன என்பது ஒரு விடை. அவை குறைந்ததற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய திமிங்கில வேட்டை ஓர்காக்களின் பழைய இரையைப் பறித்ததே தொடக்கம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு, விவாதம் தீரவில்லை. எனினும் மனிதன் அங்கே சம்பந்தப்படவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

நான் உண்மையில் சொல்ல விரும்பியது நரிகளைப் பற்றி. 1750-இல் கமாண்டர் தீவுகளிலிருந்து பனிநரிகளைக் கொண்டுவந்து அட்டூ தீவில் விட்டார்கள். கூண்டும் தீனியும் தேவைப்படாத நரிப்பண்ணையாகத் தீவே பயன்பட்டது. பின்னர் அமெரிக்க ஆட்சியிலும் 1930-கள் வரை இந்தத் தொழில் நூற்றுக்கணக்கான தீவுகளுக்குப் பரவியது. நிலத்தில் கூடுகட்டும் பறவைகளுக்கு நரியை எதிர்கொள்ளும் பழக்கமே கிடையாது. தீவு தீவாக அவை ஒழிந்தன. அலூசியன் வாத்து அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டது. நரி ஒருபோதும் விடப்படாத புல்டிர் என்ற சிறு தீவில் 1962-இல் அவற்றில் சில நூறு எஞ்சியிருப்பதைக் கண்டார்கள். பிற தீவுகளிலிருந்து நரிகளை அகற்றி, வாத்துகளை மீளக் குடியமர்த்திய பின்னர், 2001-இல் அது அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது.

பறவை போனதோடு நிலமும் மாறியது என்பது 2005-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. கடலில் இரை தேடித் தீவில் எச்சமிடும் பறவைகள்தாம் அந்த மண்ணுக்கு உரம். நரி நுழையாத தீவுகளில் செழித்த உயர்ந்த புல்வெளி இருக்கிறது. நரி நுழைந்த தீவுகளில் உரம் வற்றி, குட்டைச் செடிகளும் பாசியும் படர்ந்த தூந்திரம் இருக்கிறது. படப்பிடிப்புக் குழு வந்து எந்தத் தீவில் நின்று ‘கை படாத நிலப்பரப்பு’ என்று சொன்னாலும், அந்தத் தீவில் நரியை இறக்கினார்களா இல்லையா என்பது அவர்கள் காலடியில் இருக்கும் செடியிலேயே தெரியும்.

எலிகளின் கதையும் ஒன்று உண்டு. 1780-கள் வாக்கில் உடைந்த ஒரு ஜப்பானியக் கப்பலிலிருந்து கரையேறிய எலிகள் பெருகி, எலித் தீவு என்ற பெயரையே ஒரு தீவுக்குத் தந்துவிட்டன. 2008-இல் நஞ்சு தூவி அவற்றை ஒழித்தார்கள். அந்த நஞ்சால் கழுகுகளும் கடற்காகங்களும் இறந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012-இல் தீவுக்கு ஹவாடாக்ஸ் என்ற உனாங்கன் பெயர் திரும்பியது. பறவைகள் திரும்பி வந்து சிப்பிகளைத் தின்னத் தொடங்கியதும், அலையிடைப் பாறைகளில் கடற்பாசியும் மீண்டது.

#7 – கரைவலை

மீட்சியைப் பற்றிப் பேசும்போது, அதற்கு விலை கொடுப்பவர்கள் பற்றியும் பேச வேண்டும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய நான்கும் 1911-இல் செய்துகொண்ட உடன்படிக்கை முதன்மையாக மென்மயிர்க் கடல்நாய்களுக்கானது. நீர்நாய் அதில் ஓரமாக இடம்பெற்றுப் பிழைத்தது. அடுத்த கட்டத்துக்குக் காரணம் அணுகுண்டு. ஆம்சிட்காவில் 1965, 1969, 1971 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கா நிலத்தடி அணுச் சோதனைகளை நடத்தியது. கடைசிச் சோதனை ஏறத்தாழ ஐந்து மெகாடன்; அமெரிக்கா நிலத்தடியில் வெடித்தவற்றில் மிகப் பெரியது அதுதான். அதை எதிர்த்து வான்கூவரிலிருந்து கிளம்பிய படகுப் பயணத்திலிருந்துதான் கிரீன்பீஸ் என்ற சூழல் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. இந்தச் சூழலில்தான் ஆம்சிட்காவிலிருந்து நீர்நாய்களைப் பிடித்து, அவை அற்றுப்போயிருந்த தென்கிழக்கு அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன் கரைகளில் விட்டார்கள். ஓரிகனில் விட்டவை தங்கவில்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் விட்ட சுமார் நானூறு, இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன.

அங்கே நண்டு, கடல் அட்டை, முள்ளெலி பிடித்துப் பிழைப்பவர்கள் இதை மீட்சி என்று சொல்வதில்லை. அவர்கள் தொழிலே நீர்நாய் இல்லாத நூறு ஆண்டுகளில் உருவானது. வேட்டையாளி திரும்பியதும் பிடிப்பு இறங்குகிறது. 1972-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அலாஸ்காவின் தொல்குடியினர் மட்டுமே நீர்நாயைக் கொல்லலாம். தோலை அப்படியே வெளியாருக்கு விற்க முடியாது, கைவினைப் பொருளாக்கியே விற்க வேண்டும். கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலோ, அங்குள்ள தொல்குடியினரான நுசானுல்த் மக்களின் கடலில் நீர்நாயை விட்டபோது அவர்களைக் கேட்கவே இல்லை. பாசிக்காடு திரும்பியது நல்லது என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. சிப்பி பொறுக்கி உண்ட கரையில் சிப்பி இல்லாமல் போனவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

#8 – மணல்மேடு

கரைவலை அவர்கள் சொல்வது நியாயம். கெல்ப் காடு பெருகினால் அதை அண்டிய மீன்களும் பெருகும் என்பது உண்மையானாலும், அந்த மீனால் பயன்பெறுபவரும் நண்டை இழப்பவரும் ஒருவரே ஆக மாட்டார்கள்.

#9 – திணைமாலை

வடதிசை அவர்கள் அட்டூவைக் குறிப்பிட்டதால் இதையும் பதிவு செய்கிறேன். அத்தீவில் இன்று நிரந்தரக் குடியிருப்பு இல்லை. அது எப்படி வெறிச்சோடியது என்பதற்கு ஆண்டுகள் உள்ளன.

1942 ஜூனில் ஜப்பானியப் படை அட்டூவைக் கைப்பற்றி, அங்கு வாழ்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட உனாங்கன் மக்களை ஹொக்கைடோவின் ஒட்டாரு நகருக்குச் சிறைக்கைதிகளாகக் கொண்டு சென்றது. ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கே நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். மற்ற ஊர்களைச் சேர்ந்த 881 உனாங்கன் மக்களை அமெரிக்க அரசே கப்பலேற்றி, தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் பழைய சுரங்க முகாமிலும் அடைத்தது. மரமற்ற திறந்த கரையில் வாழ்ந்தவர்கள் இருண்ட மழைக்காட்டில், சூடேற்றும் வசதியற்ற கொட்டகைகளில் இருத்தப்பட்டார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்தார். அப்படி இருந்தும், 1943 கோடையில், அவர்களில் பெரிங் கடலின் பிரிபிலோஃப் தீவுகளைச் சேர்ந்த ஆண்களைக் கடல்நாய் அறுவடைக்காக அரசு திருப்பி அழைத்துச் சென்றது. தோலுக்கு மட்டும் போர் தடையாக இல்லை. இம்மக்களுக்கு ஈடு வழங்கும் சட்டம் 1988-இல்தான் வந்தது. தலைக்கு 12,000 டாலர்.

ஜப்பானிலிருந்து உயிரோடு திரும்பிய அட்டூ மக்களைத் தம் தீவுக்குப் போக விடவில்லை. பெரும்பாலோர் அட்கா தீவில் குடியமர்ந்தார்கள். 2010-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் நிலையமும் மூடப்பட்ட பிறகு அட்டூ முற்றிலும் ஆளற்றதாயிற்று.

#10 – குறிப்பேடு

திணைமாலை அவர்களுக்கு நன்றி. எரிமலை, நிலத்தட்டு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. கடற்பசு விஷயத்தில் மரபணு ஆய்வுக்கு மணல்மேடு அவர்கள் இன்னும் விடை தரவில்லை. ஆனால் அட்டூவைப் பொறுத்தவரை வாதிட ஏதுமில்லை.

#11 – மணல்மேடு

விடை சுருக்கமானது. ஓர் இனம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுருங்கிவந்ததை ஏற்கிறேன். சுருங்கிய நிலையிலும் அது 1741 வரை உயிரோடுதான் இருந்தது. அவை எஞ்சியிருந்த கமாண்டர் தீவுகளில் பெரிங்கின் கப்பல் கரைதட்டும் வரை மனிதக் குடியிருப்பே இருந்ததில்லை. மரபணு சொல்வது ஏன் அவை குறைவாக இருந்தன என்பதை. 1768-இல் ஏன் ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதற்கு யாகோவ்லெவின் மனுவைப் படித்தால் போதும்.